தட்டையான எம்ப்ளம்... வளைந்த கார்! - கஸ்டம் கார் பட்டறைகளின் குட்டி ரகசியம்

காரின் மூக்கில் உள்ளங்கை அகலத்தில் ஓர் உலோகச் சின்னம். பார்ப்பவர்களுக்கு, 'ஒட்டினால் முடிந்தது' என்றுதான் தோன்றும். ஆனால், கஸ்டம் கார் பட்டறைகளில் மாதக்கணக்கான உழைப்பைக் கடைசி நாளில் கெடுத்துவிடக்கூடிய வேலை இதுதான். காரணம் எளிது. சின்னம் தட்டை; கார் வளைவு!

முதலில் பிடுங்கு... பிறகு பொருத்து!

இந்தக் கலை செழித்தது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில். 1940, 50-களில் அங்கிருந்த இளைஞர்கள் பழைய ஃபோர்டு, மெர்குரி கார்களை வாங்கி, கூரையை வெட்டித் தாழ்த்தி, உடலை மழமழவென மாற்றினார்கள். அதில் முதல் வேலையே, கம்பெனி பொருத்திய எம்ப்ளங்களைப் பிடுங்கி எறிவதுதான். அந்தத் துளைகளை உருக்கிய ஈயத்தால் அடைத்துத் தேய்ப்பார்கள். அதனாலேயே இந்தக் கார்களுக்கு 'லெட் ஸ்லெட்' (ஈயச் சறுக்குவண்டி) என்று செல்லப்பெயர் வந்தது.

சாம், ஜார்ஜ் பாரிஸ் சகோதரர்களின் பட்டறையில் உருவான 1951 மாடல் 'ஹிரோஹாட்டா மெர்குரி' இவற்றில் மிகப் பிரபலம். 2022-ல் நடந்த ஏலத்தில் அது சுமார் 20 லட்சம் டாலருக்கு விலைபோனது. இப்படிப்பட்ட காரில் பெயின்ட் கொஞ்சம் பெயர்ந்தாலும் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்!

கம்பெனி பெயரை அழித்த பிறகு, பட்டறையின் முத்திரையையோ, உரிமையாளர் ஆசைப்பட்ட சின்னத்தையோ வைக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் எம்ப்ளத்தை அந்த இடத்தின் வளைவுக்கு ஏற்பவே அச்சில் வார்த்துவிடுவார்கள். ஒரே ஒரு காருக்காக வெட்டப்படும் சின்னமோ தட்டையான தகட்டிலிருந்து பிறக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

டம்ளரும் தேங்காயும்

ஒரு காகிதத்தை டம்ளரில் சுற்றிப் பாருங்கள், அழகாகப் படியும். அதே காகிதத்தைத் தேங்காயில் சுற்றினால்? எங்காவது மடியும், சுருங்கும். டம்ளர் ஒரு திசையில் மட்டும் வளைந்தது. தேங்காய் இரண்டு திசைகளிலும் வளைந்தது. நீட்டாமல், சுருக்காமல் தட்டையான ஒன்றைத் தேங்காய் போன்ற வளைவில் படிய வைக்கவே முடியாது என்பதை ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827-லேயே நிரூபித்துவிட்டார். காரின் ஃபெண்டரும் பானெட்டும் பெரும்பாலும் தேங்காய் ரகம்தான்.

கணக்கும் இருக்கிறது. 1 மீட்டர் ஆரம் கொண்ட வளைவில் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள தட்டைச் சின்னத்தை வைத்தால், நடுப்பகுதி தொடும். இரு முனைகளும் சுமார் 1.25 மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். எம்ப்ளம் ஒட்டும் தடிமனான ஃபோம் டேப்பே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். ஆக, முனைகளில் டேப் சரியாகப் பிடிக்காது.

'அழுத்தி ஒட்டினால் சரியாகிவிடும்' என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. உலோகம் ஸ்பிரிங் மாதிரி. அழுத்தியபோது வளைந்த தகடு, இரவும் பகலும் தட்டையாகத் திரும்பவே முயலும். வெயிலில் டேப் இளகும்போது முனை மெள்ள எழும்பும். அந்த இடுக்கில் தண்ணீரும் தூசும் போய்த் தங்கும். ஒருநாள் கார் கழுவும்போது எம்ப்ளம் கையோடு வரும், சில நேரம் பெயின்ட்டையும் சேர்த்துக்கொண்டு!

தட்டுவதற்கும் ஒரு பதம்

எனவே தெரிந்தவர்கள் செய்வது, ஒட்டும் முன்பே உலோகத்தை வளைப்பது. அதுவும் காரின் மேல் வைத்து அல்ல. பெயின்ட்டின் மேல் பிளாஸ்டிக் உறை விரித்து, அதன்மேல் பிளாஸ்டரைப் பூசி, அந்த இடத்தின் வளைவை அச்சு எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு அந்த அச்சோடு ஒப்பிட்டுப் பார்த்தபடி வேலை நடக்கும்.

பித்தளை, செம்பு என்றால் முதலில் சூடுகாட்டி இளக்க வேண்டும். அலுமினியம் சிவக்காமலேயே திடீரென உருகிவிடும் என்பதால், அதன்மேல் சோப்பைத் தேய்த்துவிட்டுச் சூடாக்குவார்கள். சோப்பு கறுத்தால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு மணல் நிரப்பிய தோல் பையில் வைத்து, மர சுத்தியலால் மெதுவாகத் தட்ட வேண்டும். தட்டத் தட்ட உலோகம் விறைக்கும். மறுபடி சூடுகாட்ட வேண்டும். கையை எடுத்ததும் கொஞ்சம் பின்வாங்கும் என்பதால், தேவையைவிடச் சற்றே கூடுதலாக வளைப்பார்கள்.

எனாமல் பூசிய சின்னத்தில் இந்த வித்தை செல்லாது. எனாமல் என்பது உலோகத்தின்மேல் உருக்கிய கண்ணாடி. வளைத்தால் விரிசல்தான்! அதற்கு முதலில் வளைத்துவிட்டு, பிறகே எனாமல் பூச வேண்டும்.

ஆணியா, டேப்பா?

சின்னத்தின் பின்னால் சிறு ஆணிகளைப் பற்றவைத்து, உடலில் துளையிட்டு, உள்ளிருந்து இறுக்குவது பழைய முறை. பிடிப்பு உறுதி. ஆனால், துளை ஓரத்தைப் பெயின்ட்டால் மூடாவிட்டால் துரு அங்கிருந்தே தொடங்கும். டேப் முறையில் துளை வேண்டாம். மெழுகும் எண்ணெயும் போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அழுத்தி ஒட்டி, சுமார் 3 நாள்கள் தண்ணீர் படாமல் விட்டால் முழுப் பிடிப்பு வரும். எடுக்க வேண்டுமானால் ஹேர் டிரையரால் சூடாக்கி, மீன்பிடி நரம்பால் அறுத்தெடுக்கலாம்.

ஸ்டீயரிங்கில் மட்டும் வேண்டாம்!

வெளியே எம்ப்ளம் கழன்றால் போவது பெயின்ட். உள்ளே கழன்றால்? ஸ்டீயரிங்கின் நடுவில் கல் பதித்த உலோகச் சின்னம் ஒட்டுவது இப்போது ஒரு ஃபேஷன். அதன் பின்னால்தான் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. விபத்தில் அது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும்போது, ஒட்டிய சின்னம் ஓட்டுநரின் முகத்தை நோக்கிப் பாயும். அப்படி ஒருவர் ஒரு கண்ணில் பார்வையை இழந்ததைச் சுட்டிக்காட்டி, அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் எச்சரிக்கை வெளியிட்டது.

கஸ்டம் காரோ, வீட்டுக் காரோ... ஸ்டீயரிங் நடுவில் நீங்கள் ஒட்டிய சின்னம் ஏதாவது இருந்தால், இன்றே எடுத்துவிடுங்கள். அழகுக்கு பானெட் இருக்கிறது!