வைக்கோல் கட்ட எத்தனை ஹெச்பி டிராக்டர் வேணும்? வாங்கும் முன் இதை பாருங்க!

டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோல் கட்டும் பேலர் மெஷினுக்கு கிராக்கி கூடிவிடும். ஆனால் சீசன் சில வாரங்கள்தான். அந்த நேரத்தில் டிராக்டர் திணறினால் வாடகை வருமானம் போச்சு. கடன் தவணை மட்டும் நிற்காது.

எந்த ஹெச்பி முக்கியம்?

விளம்பரத்தில் பெரிதாகச் சொல்வது இன்ஜின் ஹெச்பி. பேலரைச் சுற்ற வைப்பதோ பின்பக்க பிடிஓ ஷாஃப்ட். அங்கே வந்து சேரும் சக்தி பொதுவாக 10 முதல் 15 சதவீதம் குறைவு. அதாவது 45 ஹெச்பி டிராக்டரில் பேலருக்குக் கிடைப்பது சுமார் 38 முதல் 40 ஹெச்பிதான்.

எந்த மெஷினுக்கு எவ்வளவு?

* சின்ன உருளைக் கட்டு போடும் மினி ரவுண்ட் பேலர்: பொதுவாக 35 முதல் 45 ஹெச்பி டிராக்டர் போதும்.
* சதுரக் கட்டு பேலர்: வைக்கோலை விடாமல் இடித்து அழுத்துவதால் 45, 50 ஹெச்பிக்கு மேல் இருந்தால் நல்லது.

ஈர வயல் என்றால்?

சேற்றில் டிராக்டர் நகரவே பாதி சக்தி போய்விடும். ஈர வைக்கோல் மெஷினையும் அடைக்கும், கட்டிய பிறகு பூஞ்சையும் பிடிக்கும். அதனால் காய்ந்த பிறகு கட்டுங்க. கொஞ்சம் கூடுதல் ஹெச்பியும் வெச்சுக்கோங்க.

பெரும்பாலான பேலர்களுக்கு பிடிஓ வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. அந்த வேகம் குறையாமல், வண்டி மெதுவாக நகரும் கியர் இருக்கிறதா என்று பாருங்க. டீலரிடம் முதல் கேள்வி, "பிடிஓ ஹெச்பி எவ்வளவு?" என்பதாக இருக்கட்டும்.