ஒன்பதாம் நாள் மீண்டும் ஒளிர்ந்த வெடிப்பு

மாணவர்களே, 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி, வியாழக்கிழமை. மலேசிய நேரப்படி பிற்பகல் ஏறக்குறைய 2.30 மணி. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த காலம் அது. உங்களில் பலர் அன்று தொடக்கப்பள்ளி மாணவர்கள். இல்லிருப்புக் கற்றலுக்காகப் பிடித்திருந்த கைப்பேசியை அப்போதுதான் கீழே வைத்திருப்பீர்கள். அந்த நேரத்தில் காமா கதிர்களின் வீச்சு ஒன்று பூமியைக் கடந்து போனது. விட்டு விட்டு மூன்று தவணையாக வந்தது. சில நிமிடங்களில் அடங்கிவிட்டது. பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ஃபெர்மி செயற்கைக்கோள் அதைப் பதிவு செய்தது.

அதற்கு ஜிஆர்பி 210204ஏ என்று பெயர் வைத்தார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஜிஆர்பி என்றால் காமா கதிர் வெடிப்பு. அடுத்து வருவது ஆண்டு, மாதம், தேதி. 'ஏ' என்பது அன்றைய முதல் வெடிப்பு என்பதைக் குறிக்கும். உங்கள் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களைப் போலத்தான், பிறந்த நாள் பெயரிலேயே இருக்கிறது.

இந்த வெடிப்பை இன்று நினைவுகூரக் காரணம் அந்தச் சில நிமிடங்கள் அல்ல. வெடிப்பு அடங்கிய பின் அந்த இடத்தில் ஒரு மங்கலான ஒளி மிச்சமிருந்தது. அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. பிறகு ஒன்பதாம் நாள், குறைய வேண்டிய ஒளி கூடியது. பதின்மூன்றாம் நாளில் இன்னொரு முறை கூடியது. அதுவரை பதிவான காமா கதிர் வெடிப்புகள் எதிலும் இவ்வளவு தாமதமாக இப்படி நடந்ததை யாரும் கண்டதில்லை.

முப்பது ஆண்டுக் காத்திருப்பு

படிவம் 4 இயற்பியலில் நீங்கள் 'ஸ்பெக்த்ரம் எலெக்த்ரோமக்னெத்திக்' என்று படிக்கும் மின்காந்த அலைகளின் பட்டியலில் ஒரு முனையில் வானொலி அலை இருக்கும், மறுமுனையில் காமா கதிர் இருக்கும். காமா கதிர்களை நமது காற்று மண்டலம் தடுத்துவிடும். நாம் உயிரோடு இருப்பதற்கு அது நல்லது. ஆனால் வானில் நடக்கும் காமா வெடிப்பைத் தரையிலிருந்து நேரடியாகப் பார்க்க முடியாது என்பது அதன் மறுபக்கம்.

அதனால்தான் இவை தற்செயலாகவே கண்டுபிடிக்கப்பட்டன. அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை யாராவது மீறுகிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்கா வேலா என்னும் செயற்கைக்கோள்களை அனுப்பியிருந்தது. 1967ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி அவை ஒரு காமா வீச்சைப் பதிவு செய்தன. அது அணுகுண்டு அல்ல. அந்த வீச்சுகள் பூமியிலிருந்தோ சூரியனிலிருந்தோ வரவில்லை. 1973இல்தான் இந்தச் செய்தி ஆய்விதழில் வெளிவந்தது.

பிறகு ஆயிரக்கணக்கான வெடிப்புகள் பதிவாகின. ஆனால் அவை பக்கத்தில் நடக்கின்றனவா, பிரபஞ்சத்தின் கோடியில் நடக்கின்றனவா என்பதே தெரியவில்லை. பட்டாசுச் சத்தம் கேட்கிறது, எந்தத் தாமானில் வெடித்தார்கள் என்று தெரியவில்லை. அதே நிலைதான். 1997 பிப்ரவரி 28 அன்று இத்தாலியும் நெதர்லாந்தும் இணைந்து அனுப்பிய பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் ஒரு வெடிப்பின் இடத்தைச் சில மணி நேரத்திற்குள் எக்ஸ் கதிரில் குறித்துக் கொடுத்தது. கேனரி தீவிலுள்ள வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி அந்த இடத்தில் மங்கிக்கொண்டிருந்த ஓர் ஒளிப்புள்ளியைக் கண்டது. அதற்குப் பெயர் பின்னொளி. அதே ஆண்டு மே மாதம் இன்னொரு வெடிப்பின் பின்னொளியைக் கொண்டு முதன்முறையாகத் தூரம் அளக்கப்பட்டது. பல பில்லியன் ஒளியாண்டுகள்!

பின்னொளி எப்படி வருகிறது? மிகப் பெரிய விண்மீன் ஒன்றின் மையம் இடிந்து விழும்போது, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஒரு தாரை வெளியே பாய்கிறது. தாரைக்குள் நடக்கும் அமளியே காமா வெடிப்பு. (இரண்டு நொடிக்கும் குறைவான வெடிப்புகள் பெரும்பாலும் வேறு வகை. அவை நியூட்ரான் விண்மீன்கள் மோதுவதால் வருபவை. அந்தக் கதையை இன்னொரு வாரம் பார்ப்போம்.) அந்தத் தாரை விண்மீனைச் சுற்றியுள்ள வாயுவில் மோதும்போது எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ஒளி வீசுகின்றன. எக்ஸ் கதிர், கண்ணுக்குத் தெரியும் ஒளி, வானொலி அலை என எல்லாமே அதிலிருந்து வரும். தாரை வேகம் குறையக் குறைய ஒளியும் குறையும்.

எவ்வளவு வேகமாகக் குறையும்? தோராயமாக ஒரு கணக்குப் போடுவோம். பல பின்னொளிகளில் நேரம் 10 மடங்கானால் ஒளி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகும். முதல் நிமிடத்தில் ஒளி 10,000 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். 10ஆம் நிமிடத்தில் 1,000. 100ஆம் நிமிடத்தில் 100. 1,000ஆம் நிமிடத்தில், அதாவது ஏறக்குறைய 17 மணி நேரம் கழித்து, 10. 10,000ஆம் நிமிடம் என்பது ஏழாம் நாள். அப்போது மிச்சம் 1 அலகு.

இந்தக் கணக்கில் இரண்டு செய்திகள் உள்ளன. தொடக்கத்தில் ஒவ்வொரு நொடியும் பொன். அதனால்தான் 2004இல் ஏவப்பட்ட சுவிஃப்ட் செயற்கைக்கோள் ஓரிரு நிமிடத்திற்குள் தானே திரும்பிப் பார்க்கும்படி வடிவமைக்கப்பட்டது. இதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். ஏழாம் நாளிலும் ஒளி முழுதாக அணைந்துவிடவில்லை என்ற இரண்டாவது செய்தியை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. நமது வெடிப்பின் கதை அந்த இரண்டாவது செய்தியில்தான் இருக்கிறது.

கலிபோர்னியாவிலிருந்து லடாக்கிற்கு

ஃபெர்மி ஒரு வெடிப்பைக் கேட்டுவிடும், ஆனால் இடத்தைத் துல்லியமாகச் சொல்லாது. பல பாகை தவறலாம். முழுநிலவின் அகலம் வெறும் அரைப் பாகை. ஆகவே தேட வேண்டிய வானம் மிகப் பெரியது. ஜிஆர்பி 210204ஏயின் பின்னொளியைக் கண்டது கலிபோர்னியாவின் பாலோமார் மலையிலுள்ள இசட்டிஎஃப் என்னும் கருவி. அதன் ஒரே படத்தில் 200க்கும் மேற்பட்ட முழுநிலவுகள் அடங்கும். பழைய படத்தைப் புதிய படத்திலிருந்து கழித்துப் பார்த்து, முன்பு இல்லாத புள்ளி எது என்று கணினி தேடும். பத்திரிகையில் வரும் 'ஆறு வித்தியாசங்களைக் கண்டுபிடி' விளையாட்டு நினைவிருக்கிறதா? அதுவேதான், ஆனால் லட்சக்கணக்கான விண்மீன்களுக்கு நடுவே.

கண்டுபிடித்தாயிற்று. கலிபோர்னியாவில் விடிந்துவிட்டால் யார் தொடர்வது? உலக வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பாலோமார் மேற்குத் தீர்க்கரேகை 117 பாகையில் இருக்கிறது. இந்தியாவின் லடாக்கில் உள்ள ஹான்லே கிழக்குத் தீர்க்கரேகை 79 பாகையில் இருக்கிறது. இரண்டும் பூகோளத்தின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்கள். அங்கே விடியும்போது இங்கே இருட்டும். (தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறதே, அதுவும் கிட்டத்தட்ட இதே 79 பாகைக் கோட்டில்தான் உள்ளது.)

ஹான்லே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,500 மீட்டர் உயரம். நமது கினபாலு மலை உச்சியே 4,095 மீட்டர்தான். காற்று மெலிந்தது, வறண்டது, மழை மிகக் குறைவு. அங்கே 2018 முதல் குரோத்-இந்தியா தொலைநோக்கி இயங்குகிறது. பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனமும் மும்பை ஐஐடியும் சேர்ந்து அமைத்தது. ஆடியின் விட்டம் 70 சென்டிமீட்டர்தான். உங்கள் கைகள் இரண்டையும் பாதி விரித்தால் அவ்வளவு அகலம் வரும். உலகின் பெரிய தொலைநோக்கிகளுக்கு முன் இது குழந்தை. ஆனால் இரவு முழுக்க ஆள் துணையின்றித் தானாக இயங்கும். எச்சரிக்கை வந்தால் திரும்பும், படம் எடுக்கும், அடுத்த இலக்குக்குப் போகும். அருகிலேயே 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியும் உண்டு. அதைப் பெங்களூருக்குப் பக்கத்திலுள்ள ஹொஸ்கோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள்.

மும்பை ஐஐடியின் ஹர்ஷ் குமாரும் அவரது குழுவினரும் இந்தப் பின்னொளியை விடாமல் தொடர்ந்தார்கள். வெவ்வேறு இடங்களின் தொலைநோக்கிகளிலிருந்து கிடைத்த அளவீடுகள் 30 நாள்களுக்கு நீண்டன. ஒவ்வோர் இரவும் செய்யும் வேலை ஒன்றே: பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பது, பக்கத்திலுள்ள மாறாத விண்மீன்களோடு ஒப்பிட்டு ஒளியை அளப்பது, வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பது. கூடுதல் கணிதத்தில் மடக்கை படிக்கிறவர்களுக்குத் தெரியும், நாம் போட்ட கணக்கை மடக்கைத் தாளில் வரைந்தால் இறங்குகின்ற நேர்க்கோடு கிடைக்கும். புள்ளிகள் அந்தக் கோட்டில் விழ வேண்டும்.

வெடித்து ஏறக்குறைய 760,000 நொடி ஆனபோது புள்ளி கோட்டுக்கு மேலே போனது. 86,400ஆல் வகுத்துப் பாருங்கள், 8.8 நாள். பிறகு 1.1 மில்லியன் நொடியில் மறுபடியும்.

ஒரு வேடிக்கை. நமது கடிகாரத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆகியிருந்தாலும், வெடித்த இடத்தின் கடிகாரத்தில் 6.7 நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஒளி 7 பில்லியன் ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து வந்தது. பூமி பிறந்தே 4.5 பில்லியன் ஆண்டுகள்தான் ஆகின்றன. வழியில் பிரபஞ்சம் விரிந்தபோது ஒளியலைகள் நீண்டன. அவற்றோடு நேர இடைவெளிகளும் அதே 1.876 மடங்கு நீண்டன.

ஏன் மீண்டும் ஒளிர்ந்தது? குழுவினர் பல காரணங்களை ஆராய்ந்து, பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும் என்று ஒன்றைச் சொல்கிறார்கள். பிளஸ் நெடுஞ்சாலையில் ஜொகூர் பாருவிலிருந்து இரண்டு கார்கள் புறப்படுவதாக நினையுங்கள். முதல் கார் மிக வேகம். ஆனால் கூலாய் தாண்டியதும் நெரிசலில் மாட்டி மெதுவாகிறது. பின்னால் நிதானமாக வந்த கார் ஒரு கட்டத்தில் அதை எட்டிப் பிடித்து இடித்துவிடுகிறது. தாரையிலும் அப்படித்தான். முன்னால் பாய்ந்த பகுதி வாயுவில் மோதி வேகம் இழந்தது. பிந்திப் புறப்பட்ட மெதுவான பகுதி அதை வந்து முட்டி, அதிர்வுக்குப் புது ஆற்றல் கொடுத்தது.

நான் முக்கியமாகக் கருதுவது அதற்கு அடுத்து அவர்கள் சொன்னதை. இந்த வெடிப்பின் காமா கதிர்களை அலசிப் பார்த்தால் அது மிகச் சாதாரணமான வெடிப்பு. தனிச்சிறப்பு எதுவும் இல்லை. அப்படியானால் மற்ற வெடிப்புகளும் இதுபோல மீண்டும் ஒளிர்ந்திருக்கலாம். ஒன்பதாம் நாளில் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதே நாம் அறியாமல் போனதற்குக் காரணமாக இருக்கலாம். பெரிய தொலைநோக்கிகளில் ஓர் இரவு கிடைக்கப் பலர் வரிசையில் நிற்கிறார்கள். 'மங்கிப் போனதை இன்னும் ஏன் பார்க்க வேண்டும்' என்ற கேள்வி அங்கே எழத்தான் செய்யும். இப்போது அதற்கு ஒரு பதில் இருக்கிறது.

நமது வானம்

ஜொகூரிலிருந்து இதைச் செய்ய முடியுமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நமக்கு ஒரு வசதி உண்டு. நாம் வட அகலாங்கு ஒன்றரைப் பாகையில் இருக்கிறோம். ஆண்டு முழுவதும் பார்த்தால் வடவானம், தென்வானம் இரண்டும் கிட்டத்தட்ட முழுதாக நமக்குத் தெரியும். ஹான்லேயிலிருந்து தென்கோடி வானம் தெரியவே தெரியாது. ஆனால் மேகம், ஈரப்பதம், பாசிர் கூடாங்கும் சிங்கப்பூரும் சேர்ந்து வீசும் விளக்கொளி ஆகியவை நமக்குப் பாதகம். பெரிய வானாய்வகம் கட்ட இது ஏற்ற இடம் அல்ல. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அண்டை நாடான தாய்லாந்து டோய் இந்தனோன் மலையில் 2.4 மீட்டர் தொலைநோக்கியை 2013 முதல் வைத்திருக்கிறது. நமது கடிகார நேரத்தையே பின்பற்றும் மேற்கு ஆஸ்திரேலியாவில், கிங்கின் என்ற இடத்திலுள்ள 1 மீட்டர் சாட்கோ தொலைநோக்கி பின்னொளிகளைத் துரத்துகிறது.

பெரிய ஆடி இல்லாதவர்களும் இதில் பங்கெடுத்திருக்கிறார்கள். 2003 ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் பெர்ட்டோ மோனார்ட் என்ற பொழுதுபோக்கு வானியலாளர் 12 அங்குலத் தொலைநோக்கியால் ஜிஆர்பி 030725இன் பின்னொளியைக் கண்டுபிடித்தார். அப்படிக் கண்ட முதல் பொழுதுபோக்கு வானியலாளர் அவர்தான். 2008 மார்ச் 19 அன்று நிகழ்ந்த வெடிப்போ சுமார் அரை நிமிடம் வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்கு ஒளிர்ந்தது. இத்தனைக்கும் அதன் ஒளி 7.5 பில்லியன் ஆண்டுகள் பயணம் செய்து வந்தது. நமக்கு அப்போது பகல் 2.12 மணி!

எச்சரிக்கைச் செய்திகள் எவருக்கும் இலவசம். நாசாவின் ஜிசிஎன் என்னும் வலையமைப்பில் மின்னஞ்சல் பதிந்துகொண்டால், வானியலாளர்களுக்குப் போகும் அதே செய்தி உங்களுக்கும் வரும். 2024 ஜனவரியில் சீனா ஏவிய ஐன்ஸ்டைன் புரோப், அதே ஆண்டு ஜூனில் சீனாவும் பிரான்சும் ஏவிய எஸ்வோம் ஆகியவற்றின் கண்டுபிடிப்புகளும் அங்கே வருகின்றன.

வரும் நேரத்தை மலேசிய நேரத்திற்கு மாற்றிப் பார்த்து, உலக வரைபடத்தில் அந்த நேரத்தில் எங்கெங்கே இரவு என்று குறித்துப் பாருங்கள். ஜொகூருக்கும் ஹான்லேக்கும் இடையே 25 பாகைத் தீர்க்கரேகை வேறுபாடு. 15 பாகைக்கு ஒரு மணி நேரம் என்றால், நமக்கு இருட்டிச் சராசரியாக 1 மணி 40 நிமிடம் கழித்துத்தான் அங்கே இருட்டும். அந்த இடைவேளையில் வரும் செய்தியை முதலில் யார் பார்க்க முடியும் என்று வரைபடமே சொல்லும்.