தோல் தந்த சோறும் பாலாற்று நீரும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயர்களைக் கேட்டவுடன் தோல்தொழில் நினைவிற்கு வரும். நம்மவருள் பலர் அத்தொழிலால் வாழ்ந்தவர்கள். தோல் வணிகர் ஈந்த பொருளால் எழுந்த கல்விக்கூடங்களில் பயின்றவர்கள். ஆகவே, இத்தொழிலால் விளையும் கேட்டினை ஆராயுங்கால் நாம் அயலார் குற்றத்தைப் பேசவில்லை என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டு வாரக்கணக்கில் தோலைப் பதனிட்டனர். குரோமிய உப்போ அப்பணியை ஒரே நாளில் முடித்துவிடுகிறது. குரோமியம் என்றதும் புற்றுநோய் என அஞ்சுவோர் உளர். ஈண்டு ஒரு வேறுபாடு அறியத்தக்கது. பதனிடப் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம், நஞ்சு குறைந்தது. அறுவிணைதிறக் குரோமியமே கொடியது. நுரையீரற் புற்றுநோய்க்குக் காரணமாவது, மூக்கின் நடுச்சுவரைத் துளைப்பது, தோலில் ஆறாப் புண்ணை உண்டாக்குவது. இராணிப்பேட்டையில் குரோமேட் செய்த ஆலையொன்று 1990-களின் நடுவில் மூடப்பட்டபோது, லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவைக் குவியலாக விட்டுச் சென்றது. அக்கழிவில் இருந்தது இவ்வகையே.

கிணற்றைக் கெடுத்ததில் பெரும்பங்கு சாதாரண உப்புக்கு உரியது என்றால் வியப்பாக இருக்கும். பச்சைத்தோல் அழுகாதிருக்க இடும் உப்பு, ஊறவைக்கும்போது நீரில் கரைந்து வெளியேறுகிறது. அதனைப் பிரித்தெடுப்பதும் எளிதன்று. 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாது போனதென்னும் ஆய்வுக் கணக்கைச் சுட்டிற்று. மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும் என்றது. ஏறக்குறைய இருபத்தெட்டரை ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30-இல், அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது.

ஆற்றைப் பற்றிப் பேசுமளவு ஆலைக்குள் உழைப்போரைப் பற்றி நாம் பேசுவதில்லை. 2015 ஜனவரி இறுதியில், ஒருநாள் நள்ளிரவில், இராணிப்பேட்டைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத்தொட்டிச் சுவர் உடைந்தது. அடுத்த ஆலையில் உறங்கிய தொழிலாளர் உள்ளிட்ட பத்துப் பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

ஓசையின்றிக் கொல்வது வேறொன்று. மயிர் நீக்க இடும் சோடியம் சல்பைடு, அமிலக் கழிவுடன் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு பிறக்கும். சேறு அழுகினாலும் அது பிறக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். செறிவு மிகுந்தால் மூக்கு அந்நாற்றத்தை உணரும் ஆற்றலையே இழந்துவிடும். நாற்றம் அகன்றதென்று எண்ணி ஒருவர் மேலும் இறங்குவார். ஓரிரு மூச்சில் சாய்வார். அவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் சாய்வார். தனியே காற்றுத் தரும் முகமூடியும், இடுப்பில் கயிறும், மேலே அதனைப் பற்றி நிற்க ஆளும் இன்றி எவரையும் அத்தொட்டியில் இறக்கலாகாது. துணி கட்டிய மூக்கு இவ்வாயுவைத் தடுக்காது.