அண்ணன் வரும்போது தம்பி இல்லை!

தூத்துக்குடியில் வெயில் கொளுத்தும் மாதங்களில்தான் வெளியூர்ப் பிள்ளைகள் வீடு வந்து சேருகிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதில்லை.

மும்பைப் பள்ளிக்கூடங்களுக்கு மே மாதம் விடுமுறை. ஜூன் நடுவில் திறந்து விடுவார்கள். துபாயில் உள்ள இந்தியப் பள்ளிகளுக்கோ ஜூலை, ஆகஸ்டு மாதங்களில்தான் நீண்ட விடுமுறை. தம்பி குடும்பம் தாராவிக்குத் திரும்பிய பிறகு, அண்ணன் குடும்பம் விமானத்தில் வந்து இறங்கும். இரண்டு குடும்பத்தையும் பார்ப்பவர் தாயார் ஒருவர்தான்.

அப்படி ஒரு குடும்பம். அண்ணன் துபாயில் மெக்கானிக். தம்பி மும்பையில் குமாஸ்தா. 2019-க்குப் பிறகு இருவரும் நேரில் பார்க்கவில்லை. செல்போனில் முகம் பார்த்துப் பேசுவதோடு சரி.

பூட்டிய அறை

கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. மாடி அறை அண்ணன் பணத்தில் கட்டியது. ஏ.சி. உண்டு. சாவி தாயாரிடம் இருக்கும்.

மே மாதம் தம்பி வந்ததும் தாயார் சாவியை நீட்டுவார். தம்பி மனைவி வாங்க மாட்டார். "வேண்டாம் அத்தை, அக்கா என்ன நினைப்பாங்களோ" என்பார். திண்ணையில் பாய் விரிப்பார்கள். சாயங்காலம் கடல் காற்று வரும் வரை வெக்கைதான். ஆனால் நுங்கும் பதநீரும் அவர்களுக்குக் கிடைக்கும்.

அண்ணன் பிள்ளைகளுக்கு அந்த யோகம் இல்லை. ஜூலையில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும். தூத்துக்குடிக்கு அந்த மழை எட்டாது. வறண்ட மேல்காற்று மண்ணை வாரி இறைக்கும். உப்பளங்களில் உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவியும் காலம் அது. உப்பளக்காரருக்கு லாபமான வெயில், விருந்தாளிக்குத் திண்டாட்டம்.

துபாயில் இதைவிட வெயில் அதிகம். ஆனால் அங்கே வீடு, பஸ், வகுப்பு எல்லாம் ஏ.சி. இங்கே கரண்ட் போன மறு நிமிடமே, "எப்ப வரும் ஆச்சி?" என்று பிள்ளைகள் அழாத குறை.

ஒரே பந்தி

2025 தொடக்கத்தில் தாயார் வழுக்கி விழுந்து படுத்தார். "ரெண்டு பேரையும் ஒரே பந்தியில உக்கார வச்சு சோறு போடணும்யா" என்று தம்பியிடம் சொன்னார்.

அந்த ஆண்டு தம்பி மே பயணத்தை விட்டு விட்டார். பனிமய மாதா திருவிழாவுக்குத் தனியாக வருவது என்று முடிவு. ஜூலை 26-ந் தேதி கொடி ஏறி, ஆகஸ்டு 5-ந் தேதி திருவிழா. பனியின் பெயரில் மாதா, ஊரிலோ வியர்வை!

முன்பு 120 நாள் முன்னதாக ரெயில் டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். நாளை எண்ணிக் காத்திருந்து டிக்கெட் எடுத்தார். திருநெல்வேலியில் இறங்கி, பஸ் பிடித்து 50 கிலோமீட்டர் வந்தார்.

பஸ் நிலையத்தில் அண்ணன் நின்றார். தலை முழுவதும் நரை. தம்பி அவரைத் தாண்டிப் போய் விட்டார். "ஏல, எங்க போற?" என்ற குரல் கேட்டுத்தான் திரும்பினார்.

அன்று இரவு பிள்ளைகள் ஏ.சி. அறையில் தூங்கினார்கள். அண்ணனும் தம்பியும் திண்ணையில் படுத்தார்கள். தாயார் தன் கட்டிலையும் அங்கேயே போடச் சொன்னார். நள்ளிரவில் கரண்ட் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை. பேச்சு நிற்கவும் இல்லை.

லீவு நான்கு நாள்தான். பை நிறைய மக்ரூனும் கருப்பட்டியும் வைத்து அனுப்பினார்கள். மாடி அறைக்கு இன்னொரு சாவி செய்து அதையும் பைக்குள் போட்டிருந்தார் அண்ணன் மனைவி.