தேய்மானக் கணக்கு ஏன் பூஜ்யத்தில் முடிவதில்லை?

மகாசபைக் கூட்டங்களில் ஐந்தொகை வாசிக்கப்படுகையில் அங்கத்தினர்கள் தவறாது எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கிய பாவு ஓட்டும் இயந்திரத்திற்கு ஆண்டுதோறும் 15 சதவிகிதம் தேய்மானம் கழிக்கிறீர்கள். ஏழாண்டில் கணக்குத் தீர்ந்திருக்க வேண்டுமே! பத்தாண்டு சென்றும் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் நிற்பானேன்?" என்பதே அது. கேள்வி நியாயமானதே.

கழிக்கப்படுவது வாங்கிய விலையில் 15 சதவிகிதம் அன்று. அவ்வாண்டுத் தொடக்கத்தில் எஞ்சி நிற்கும் மதிப்பில் 15 சதவிகிதம். முதலாண்டில் 15,000 ரூபாய் கழிந்து 85,000 நிற்கும். இரண்டாமாண்டில் 12,750 கழிந்து 72,250 நிற்கும். மூன்றாமாண்டு முடிவில் 61,412 ரூபாய் 50 காசு. மிச்சம் சிறுத்துக்கொண்டே வருவதால் கழிவும் சிறுத்துக்கொண்டே வருகிறது. ஆகையால் பூஜ்யம் என்பது ஒருநாளும் வாராது. கல்லூரிகளில் இதனை அடுக்குக்குறித் தேய்வு என்பர். பெயர் அச்சுறுத்தினாலும் பொருள் இவ்வளவே.

இத்தகைய தேய்வை அளக்கச் சிறந்த கோல் 'பாதியாகும் காலம்' ஆகும். மேற்சொன்ன இயந்திரம் நாலேகால் ஆண்டில் பாதி மதிப்பாகும். இன்னொரு நாலேகால் ஆண்டில் அப்பாதியிலும் பாதியாகும். சதவிகிதம் சிறிதாயின், 70ஐ அதனால் வகுத்தால் பாதியாகும் காலம் ஏறக்குறையக் கிட்டும். வருமான வரி விதிகளில் பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவிகிதமும், மேஜை நாற்காலிகளுக்கு 10 சதவிகிதமும், கணினிகளுக்கு 40 சதவிகிதமும் வைத்திருப்பது, அவை முதுமையடையும் வேகம் வேறுவேறு என்பதனாலேயே.

இதில் சங்கத்தின் பணம் அடங்கியிருக்கிறது. முதல் நான்காண்டில் சுமார் 47,800 ரூபாய் கழிகிறது. அடுத்த நான்காண்டில் சுமார் 24,950 மட்டுமே. பிற்காலத்தில் தேய்மானம் குறைவதால் லாபம் பெருத்ததுபோல் தோன்றும்; உடனே பங்கு ஈவை உயர்த்தும்படி குரல் எழும். பழுது பார்க்கும் செலவு ஏறுவதும் அதே ஆண்டுகளில்தான். மேலும் தேய்மானமாக எழுதும் தொகை எவர் கைக்கும் செல்வதில்லை, சங்கத்திலேயே தங்குகிறது. அதனைத் தனியே ஒதுக்கி வைக்காத சங்கம், புது இயந்திரம் வாங்கும் நாளில் கடனுக்கு அலையும். கணக்கில் நிற்கும் 19,687 ரூபாயை விற்பனை விலை என்று நிர்வாகக் குழுவினர் நம்புவதும் தவறு. உடைந்த இயந்திரத்திற்குப் பழைய இரும்பு விலைதான் கிட்டும்.

குறைவதெல்லாம் இவ்வழியே குறைகிறது என்று கொள்ளலாகாது. அசலைச் சமதவணையில் அடைக்கும் கடன் படிப்படியாக இறங்கி ஒருநாள் தீர்ந்தே போகும். இரண்டையும் பிரித்தறிவது எளிது. ஒவ்வொரு தவணைக்கும் குறைந்த தொகை ஒன்றாகவே இருப்பின் அது கடன் வழி. ஒவ்வொரு மிச்சத்தையும் முந்தைய மிச்சத்தால் வகுக்கக் கிட்டும் எண் ஒன்றாகவே இருப்பின் அது தேய்மான வழி.

பயிருக்குத் தெளிக்கும் மருந்தும் பெரும்பாலும் இவ்விரண்டாம் வழியைச் சேர்ந்தது. மூன்று நாளில் பாதியாகும் மருந்து ஆறு நாளில் மறைந்துவிடாது, காற்பங்கு நிற்கும். அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்களை மருந்துப் புட்டியில் அச்சிட்டிருப்பதன் காரணம் இதுவே. மண்ணில் பாதியாகவே பல ஆண்டுகள் கொள்ளும் டி.டி.டி.யை 1989ல் இந்தியா பயிர்த்தொழிலில் தடை செய்தது.

நெசவாளர்க்கு இதன் பயன் சாயச்சாலையில் வெளிப்படையாகத் தெரியும். தோய்த்துப் பிழிந்த 10 கிலோ சிட்டா நூலில் 10 லிட்டர் சாயநீர் தங்கியிருப்பதாகக் கொள்வோம். 90 லிட்டர் நீரில் ஒரே முறை அலசிப் பிழிந்தால், ஒட்டாத சாயத்தில் பத்தில் ஒரு பங்கு நூலில் நிற்கும். அதே 90 லிட்டரை 30 லிட்டராகப் பகிர்ந்து மும்முறை அலசுங்கள். ஒவ்வொரு முறையும் நான்கில் ஒரு பங்கே மிஞ்சும். முடிவில் நிற்பது 64ல் ஒரு பங்கு! ஒரு சொட்டு நீரும் கூடுதலில்லை. சாயம் போகிறது என்று சேலை திரும்பி வரும் சங்கங்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதனையே.

எனினும் கணக்கு காட்டும் அளவுக்கு நடைமுறையில் சாயம் விடாது. சில சாயங்கள் இழையைப் பற்றிக்கொண்டு விட மறுக்கும். அவற்றிற்குச் சோப்பிட்ட வெந்நீர் அலசல் வேண்டும். நீரைப் பெருக்கிச் சமாளிப்போம் எனில் கழிவு பெருகும். திருப்பூரில் கழிவுநீரை முற்றிலும் நிறுத்தாத சாயச்சாலைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011ல் ஆணையிட்டதை அறிவோம். மூன்றாம் அலசலின் நீர் ஏறக்குறையத் தெளிவாகவே இருக்கும். அதனை ஊற்றிவிடாமல், அதே நிறத்து அடுத்த ஈட்டின் முதல் அலசலுக்கு வைத்துக்கொண்டால், ஈடொன்றுக்குப் புதுநீர் 60 லிட்டரே போதும்.