பல் வலிதானே என்று இராதீர்கள்!
கடைவாய்ப் பல்லில் வலியா? "ஒரு கிராம்பை வைத்துக் கடித்தால் போயிற்று!" என்று இருந்துவிடாதீர்கள். நாக்குக்கு அடியில், கீழ்த் தாடையின் இரு பக்கத்தையும் இணைத்துத் தூளி கட்டியதுபோல் ஒரு தசை இருக்கிறது. கீழ்க் கடைவாயின் கடைசிப் பற்களுடைய வேர் நுனி பெரும்பாலும் அந்தத் தசைக்கும் கீழே இறங்கியிருக்கும். ஆகவே அங்கே பிடிக்கும் சீழ், வாய்க்குள் வராமல் கழுத்துப் பக்கம் பரவக்கூடும். நாக்கு மேலெழும்பி மூச்சையே அடைத்துவிடலாம்.

1836-இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்நோயை விவரித்தார். பென்சிலின் வராத காலத்தில் இது கண்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் மாண்டார்கள். இன்று பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், காலத்தில் போனால்!

தாடைக்குக் கீழே கல்போல் வீக்கமா? விழுங்க முடியவில்லையா? பேச்சுக் குழறுகிறதா? விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.