மல்லிகைச் செடி தழைக்கிறது, பூக்கவில்லையே ஏன்?

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் முழக்கணக்கில் வாங்கும் மல்லிகையை வீட்டிலேயே வளர்க்கப் பலருக்கும் ஆசை. தோட்டத்து லயத்தை விட்டு வரும்போது வாசல் மல்லிகையில் ஒரு கிளை ஒடித்து வந்து, அடுக்குமாடி வீட்டில் நட்டவர்களும் உண்டு. ஆனால், "இலைதான் மண்டிக் கிடக்கிறது, பூவைக் காணோம்" என்பதே பலரின் குறை.

மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு விடும். தமிழ்நாட்டில் நவம்பர் கடைசியில் செடியைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடுவார்கள். பனிக்காலம் முடிந்து புதுத் தளிர் வந்ததும், மார்ச் முதல் பூ குவியும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இப்படித்தான் பூக்கிறது. நம் நாட்டில் பனிக்காலமும் இல்லை, நீண்ட கோடையும் இல்லை. ஆண்டு முழுவதும் மழை பெய்வதால் செடி இலையாகவே வளர்கிறது. எனவே நாம்தான் கத்தரியை எடுக்க வேண்டும்.

ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும், பூத்த கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை நறுக்குங்கள். காய்ந்த குச்சிகளை அடியோடு நீக்குங்கள். சில வாரங்களில் புதுத் தளிரில் மொட்டு தெரியும்.

அடுத்தது வெயில். நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் தேவை. நிழலான பால்கனியில் எவ்வளவு உரம் போட்டாலும் இலைதான் வரும். தழைச்சத்து மிகுந்த உரத்தைக் குறைத்து, சாம்பல்சத்து உள்ள பூச்செடி உரத்தைக் கொஞ்சமாக இடுங்கள்.

செம்மண், மக்கிய உரம், மணல் கலந்த மண்ணில் தண்ணீர் தேங்காது. தேங்கினால் வேர் அழுகி, இலை மஞ்சளாகும். மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள். மொட்டு ஊதா நிறமாகி வாடினால் உள்ளே புழு இருக்கும். அதைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள்.

கடைசியாக, பூச்சட்டியின் அடித்தட்டைக் கவனியுங்கள். அதில் தேங்கும் தெளிந்த நீரே டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு இருந்தாலே அபராதம் விதிக்கலாம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். தட்டே இல்லாமல் வைத்தால் இன்னும் நல்லது.

மாலையில் பருத்த மொட்டுகளைப் பறித்துத் தொடுத்தால், இரவில் வீடே மணக்கும்.